பத்து லட்சம் பவுண்டு ஆட்டக்காரர்

பின்லே கேடயத்துக்காக எஸ்டேட் குழுக்கள் மோதிய மூணாறிலும், பாலக்காட்டிலும் கால்பந்துப் பிரியர்களுக்குக் குறைவில்லை. பெலே, மரடோனா பெயர்கள் அவர்களுக்கு மனப்பாடம். ஜஸ்டின் பஷானுவை அறிந்தவர்கள் குறைவு. இவருடைய கதை வெற்றிக் கதை அல்ல. ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

ஜஸ்டின் 1961-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி லண்டனில் பிறந்தார். தந்தை நைஜீரியாக்காரர், வக்கீல். தாய் கயானாவைச் சேர்ந்த நர்சு. பெற்றோர் பிரிந்ததால் ஜஸ்டினும் தம்பி ஜானும் குழந்தைகள் காப்பகத்தில் சேர்க்கப்பட்டனர். பிறகு நார்போக் பகுதியில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியர் இருவரையும் வளர்த்து ஆளாக்கினர்.

நார்விச் சிட்டி குழுவில் 1979-ல் ஆடத் தொடங்கினார். மறு ஆண்டு லிவர்பூல் குழுவுக்கு எதிராக அவர் அடித்த கோலை, அந்தப் பருவத்தின் சிறந்த கோலாக பி.பி.சி. தேர்ந்தெடுத்தது. 1981-ல் நாட்டிங்காம் பாரஸ்ட் குழு 10 லட்சம் பவுண்டு கொடுத்து அவரை வாங்கியது. பிரிட்டனில் அத்தனை விலை பெற்ற முதல் கறுப்பின ஆட்டக்காரர் அவரே. அப்போது வயது 20.

சரிவு

புதிய குழுவில் எதிர்பார்த்தபடி கோல்கள் விழவில்லை. ஆண்களை விரும்புவோர் கூடும் கேளிக்கை விடுதிகளுக்கு அவர் போகிறார் என்ற செய்தி மானேஜர் பிரையன் கிளஃப் காதுக்கு எட்டியது. பயிற்சிக்கே வரக்கூடாது என்று அவர் தடை போட்டார். மறு ஆண்டு ஜஸ்டின் ஒன்றரை லட்சம் பவுண்டுக்கு வேறு குழுவுக்குக் கைமாறினார். பின்னர் முழங்கால் காயமும் சேர்ந்துகொண்டது.

1990 அக்டோபரில், தாம் தன்பால் ஈர்ப்பு கொண்டவர் என்று லண்டன் பத்திரிகை ஒன்றில் பகிரங்கமாக அறிவித்தார். தொழில்முறைக் கால்பந்தில் இதை ஒளிக்காமல் சொன்ன முதல் ஆட்டக்காரர் அவர்தான். மைதானத்தில் வசைமொழி எழுந்தது. எல்லாவற்றையும் விடப் பெரிய அடி வீட்டிலிருந்தே வந்தது. காப்பகத்தில் கூடவே இருந்த தம்பி ஜானும் அப்போது புகழ்பெற்ற ஆட்டக்காரர். அவர் அண்ணனைப் பகிரங்கமாக உதறினார். பல ஆண்டுகள் கழித்து அதற்காக வருந்தினார். அப்போது கேட்க அண்ணன் உயிருடன் இல்லை.

1998-ல் அமெரிக்காவில் பயிற்சியாளராக இருந்தபோது, 17 வயது இளைஞர் ஒருவர் ஜஸ்டின் மீது பாலியல் புகார் கொடுத்தார். ஜஸ்டின் அதை மறுத்தார். புகார் நீதிமன்ற விசாரணைக்கு வரவே இல்லை. இங்கிலாந்து திரும்பிய அவர் மே மாதம் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 37.

32 ஆண்டுகள்

2020-ல் இங்கிலாந்தின் தேசியக் கால்பந்து அருங்காட்சியகம் தன் புகழ் வரிசையில் அவரைச் சேர்த்தது. பிரிட்டனில் ஆடிக்கொண்டிருக்கும்போதே இதே உண்மையைச் சொல்ல அடுத்த ஆண் தொழில்முறை ஆட்டக்காரர் வருவதற்கு 2022 வரை ஆயிற்று. அவர் பிளாக்பூல் குழுவின் ஜேக் டேனியல்ஸ். 17 வயதுப் பிள்ளை. அவருக்குப் பாராட்டுகள் குவிந்தன.

நம் நாட்டில் 2018 செப்டம்பர் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, வயது வந்தோர் மனமொத்துக் கொள்ளும் இத்தகைய உறவு குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது. சட்டம் வழிவிட்டுவிட்டது. இனி வழிவிட வேண்டியவர்கள் உடன் ஆடுகிறவர்களும், உடன் பிறந்தவர்களும்தான்.