பி. விட்டலாச்சாரியா

பி. விட்டலாச்சாரியா (1920 – 1999) கன்னட, தெலுங்குத் திரைப்பட இயக்குநரும் தயாரிப்பாளரும் ஆவார். பேய், மந்திரவாதி, நாககன்னி, எலும்புக்கூடு ஆகியன நிறைந்த மாயாஜாலப் படங்களைக் குறைந்த செலவில் எடுத்துப் புகழ்பெற்றார். தெலுங்குத் திரையுலகம் இவரை 'ஜானபத பிரம்மா' எனப் போற்றியது. ஜானபதம் என்பது நாட்டார் கதை மரபைக் குறிக்கும்.

இளமை

கர்நாடகத்தின் உடுப்பி அருகேயுள்ள உத்யாவரத்தில் பிறந்தார். தொடக்கப் பள்ளிக்கு மேல் கல்வி கற்கவில்லை. சிறு வயதிலேயே வீட்டை விட்டு வெளியேறி, அரசிக்கெரெயில் பல வேலைகளைச் செய்தபின் உணவகம் ஒன்றை நடத்தினார். வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் பங்கேற்றுச் சிறை சென்றார். விடுதலையான பின் உணவகத்தைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, நண்பர்களுடன் சேர்ந்து ஹாசன் மாவட்டத்தில் டூரிங் கொட்டகை நடத்தினார். அங்கு திரையிடப்பட்ட படங்களைத் தொடர்ந்து பார்த்தே திரைக்கலையைக் கற்றுக்கொண்டார். சிற்றூர் மக்கள் எதைக் கண்டு அஞ்சுவர், எதற்குச் சிரிப்பர் என்பதை நேரில் அறியவும் இக்கொட்டகை வாய்ப்பளித்தது.

திரைத்துறையில்

டி. சங்கர் சிங் முதலானோருடன் இணைந்து மகாத்மா பிக்சர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனம் நாககன்னிகா (1949), ஜகன்மோகினி (1951) ஆகிய கன்னடப் படங்களைத் தயாரித்தது. பின்னர் பிரிந்து 1953இல் விட்டல் புரொடக்சன்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிச் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். தொடக்கத்தில் கன்யாதானம் போன்ற குடும்பப் படங்களையும் எடுத்தார். 1960களில் காந்தாராவ், என். டி. ராமராவ் ஆகியோரைக் கதைத்தலைவர்களாகக் கொண்டு பல மாயாஜாலப் படங்களை இயக்கினார்.

சிக்கனமும் உத்திகளும்

கணினி வரைகலை இல்லாத காலத்தில் இவரது படங்களின் மாயங்கள் பெரும்பாலும் ஒளிப்படக் கருவியைக் கொண்டே உருவாக்கப்பட்டன. கருவியை நிறுத்தி, நடிகரை அகற்றிவிட்டு அதே இடத்திலிருந்து மீண்டும் எடுத்தால் அவர் திரையில் மறைந்துவிடுவார். ஒரே படச்சுருளில் இருமுறை பதிவு செய்தால், ஒளி ஊடுருவும் ஆவி தோன்றும். பிரான்சின் ஜார்ஜ் மெலியே 1890களிலேயே கையாண்ட உத்திகள் இவை.

அரண்மனை, குகை அரங்குகளைச் சிறு மாற்றங்களுடன் மீண்டும் மீண்டும் பயன்படுத்தினார். நடிகர் எவரேனும் கூடுதல் ஊதியம் கேட்டாலோ படப்பிடிப்புக்கு வராவிட்டாலோ, முனிவரின் சாபத்தால் அக்கதைமாந்தரை விலங்காகவோ பறவையாகவோ மாற்றிவிட்டுப் படத்தை முடித்துவிடுவார் என்று திரையுலகில் ஒரு கதை வழங்குகிறது. மாயாஜாலக் கதையில் இத்தகைய திடீர் மாற்றம் பார்ப்போருக்குக் குறையாகத் தோன்றுவதில்லை. இவ்வாறு, செலவைக் குறைக்கும் வழியே கதையின் சுவையாகவும் அமைந்தது.

ஜகன்மோகினி (1978)

நரசிம்மராஜு, பிரபா, ஜெயமாலினி நடித்த இத்தெலுங்குப் படம் பெரும் வெற்றி பெற்றது. பெரிய நட்சத்திரங்கள் இன்றியே அடைந்த வெற்றி இது. தமிழிலும் மொழிமாற்றம் செய்யப்பட்டது. பேய் தன் காலையே விறகாக அடுப்பில் வைத்துச் சமைக்கும் காட்சி இன்றும் நினைவுகூரப்படுகிறது. வீட்டில் அன்றாடம் நடக்கும் சமையலே திகிலாக மாறுவதால், அக்காட்சியைக் காண்போர் அஞ்சிய மறுகணமே சிரிக்கின்றனர்.

தமிழகத்தில் தாக்கம்

தமிழில் மொழிமாற்றம் செய்யப்பட்ட இவரது படங்கள் சிற்றூர்களின் டூரிங் கொட்டகைகள் வரை சென்றன. நம்ப இயலாத நிகழ்வை 'விட்டலாச்சாரியா படம்' என்று கேலியாகச் சொல்வது தமிழ்ப் பேச்சு வழக்காயிற்று. தருக்கமற்றவை என இவரது படங்கள் ஒதுக்கப்பட்டதும் உண்டு. ஆயினும் இவை உண்மை போலத் தோன்ற முயன்றவை அல்ல. தெருக்கூத்தில் வேடமிட்டவர் யாரென அறிந்தே அரக்கனைக் கண்டு அஞ்சும் மக்கள், அட்டையாலான எலும்புக்கூட்டையும் அவ்வாறே ஏற்றுக்கொண்டனர். ஜகன்மோகினி 2009இல் நமீதா நடிப்பில் தமிழில் மீண்டும் எடுக்கப்பட்டது.

மறைவு

விட்டலாச்சாரியா 1999ஆம் ஆண்டு மே மாதம் காலமானார்.

இயக்கிய சில திரைப்படங்கள்

பந்திபோட்டு (1963)
நவக்கிரக பூஜா மகிமா (1964)
அக்கி பிடுகு (1964)
ஜ்வாலா த்வீப ரகசியம் (1965)
கண்டிகோட்ட ரகசியம் (1969)
அலிபாபா 40 தொங்கலு (1970)
லட்சுமி கடாட்சம் (1970)
ஜகன்மோகினி (1978)
மதனமஞ்சரி (1980)