பட்டம் வாங்காதவர் பேசிய பட்டமளிப்பு விழா



போன வருஷம் எங்கள் பல்கலைக்கழகக் கோன்வோவில் நான் தொண்டூழியம் செய்தேன். வர்றவங்களுக்கு நாற்காலி காட்டுவது, தண்ணீர் போத்தல் எடுத்துக் கொடுப்பது, இதுதான் வேலை. அதே மண்டபத்தில் அன்றைக்கு எங்க அக்காவுக்கும் பட்டம். பாட்டியும் வந்திருந்தாங்க. தோட்டத்தில் பல வருஷம் பால்மரம் வெட்டி எங்க அப்பாவைப் படிக்க வைத்தவங்க. சிறப்பு விருந்தினர் அரை மணி நேரம் பேசினார். நல்லாவே பேசினார், எல்லாரும் கை தட்டினாங்க. பாட்டி என் சட்டையை இழுத்து, அவர் என்னய்யா சொல்றாரு என்று கேட்டாங்க.

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. ஆனா தமிழில் எடுத்துச் சொல்ல வாய் வரல. நல்லா படிக்கணும்னு சொல்றாரு பாட்டி என்று ஒரே வரியில் முடிச்சிட்டேன். அரை மணி நேரமா அதையேவா சொல்றாரு என்று பாட்டி திருப்பிக் கேட்டாங்க. என்னிடம் பதில் இல்லை.

அந்த வெட்கம் ரொம்ப நாள் போகல. பட்டமளிப்பு விழாக்களில் யார் யார் எந்த மொழியில் பேசியிருக்காங்க என்று தேட ஆரம்பித்தேன். அப்போதுதான் தாகூர் கிடைத்தார். பள்ளிக்கூடத்தையே பாதியில் விட்ட மனிதர், இந்தியாவின் பழைய பல்கலைக்கழகம் ஒன்றில் பட்டதாரிகளுக்கு உரையாற்றப் போனார். போனவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் 80 வருஷ வழக்கத்தை மாற்றிவிட்டு வந்தார். இந்த மாதம் அவர் கதை.

பள்ளிக்கூடம் பிடிக்காத பையன்

ரவீந்திரநாத் தாகூர் 1861 மே 7-ஆம் தேதி கல்கத்தாவில், ஜோராசங்கோவில் இருந்த குடும்ப மாளிகையில் பிறந்தார். அப்பா தேவேந்திரநாத், பிரம்ம சமாஜத்தின் பெரிய தலைவர், உபநிடதங்களில் ஊறியவர். வீடு நிறையப் பிள்ளைகள். ரவி கடைக்குட்டி.

பையனை ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்தாங்க, பிடிக்கல. வேறொன்றில் சேர்த்தாங்க, அதுவும் பிடிக்கல. நாலு சுவருக்குள் உட்கார்ந்து மனப்பாடம் செய்வது அவருக்கு ஜெயில் மாதிரி இருந்தது. 14 வயது வாக்கில் பள்ளிக்கு ஒரேயடியாக முழுக்குப் போட்டார்.

ஆனா படிப்பு நிற்கவில்லை. அண்ணன் ஹேமேந்திரநாத் வீட்டிலேயே ஒரு கால அட்டவணை போட்டு வைத்திருந்தார். விடியறதுக்கு முன்னாடி மல்யுத்தம், அப்புறம் கணக்கு, அறிவியல், சமஸ்கிருதம், ஓவியம், உடற்பயிற்சி. ஆங்கிலம் ராத்திரியில்தான். ஊரே ஆங்கிலத்தின் பின்னால் ஓடிய காலத்தில், என் தம்பிகள் முதலில் வங்காளத்தில்தான் படிக்கணும் என்று அந்த அண்ணன் பிடிவாதமாக நின்றார். அந்த நன்றியை ரவி கடைசிவரை மறக்கவில்லை.

1873-ல் உபநயனம் முடிந்ததும் அப்பா அவரைக் கூட்டிக்கொண்டு பயணம் கிளம்பினார். முதலில் சாந்திநிகேதன், பிறகு அமிர்தசரஸ், அப்புறம் இமயமலை அடிவாரத்து டல்ஹௌசி. பகலில் சமஸ்கிருதம். இரவில் அப்பா வானத்தைக் காட்டி நட்சத்திரங்களையும் கிரகங்களையும் சொல்லிக் கொடுப்பார். இந்த இரவுப் பாடத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்க, கடைசியில் திரும்ப வரும்.

1878-ல் பாரிஸ்டர் ஆக்கலாம் என்று இங்கிலாந்துக்கு அனுப்பினாங்க. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் சேர்ந்தார். 1880-ல் பட்டம் இல்லாமலே ஊர் திரும்பினார். நம்ம வீடுகளில் இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்க!

ஐந்து மாணவர்கள்

1890-களில் குடும்ப நிலங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருக்கு வந்தது. கிழக்கு வங்காளத்தில் பத்மா ஆற்றில் படகிலேயே பல நாள் இருந்தார். விவசாயிகளின் பாடு என்ன என்பது அங்கேதான் அவருக்குத் தெரிந்தது. படித்தவனுக்கும் அவங்களுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருப்பதைப் பார்த்தார். 1892-ல், 31 வயதில், கல்வியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பிள்ளைகள் அந்நிய மொழியில் வார்த்தைகளை விழுங்கிக்கிட்டு இருக்காங்க, படிப்பு ஒரு பக்கமும் வாழ்க்கை ஒரு பக்கமும் போகுது, தாய்மொழியில் படித்தால்தான் இரண்டும் சேரும் என்பது அதன் சாரம். 

எழுதிட்டுச் சும்மா இருக்கிற ஆள் இல்லை அவர். 1901-ல் சாந்திநிகேதனில் ஒரு பள்ளி தொடங்கினார். பழைய தபோவன குருகுலம் மாதிரி, மரத்தடியில் பாடம். முதலில் வந்தது ஐந்து பேர். அதில் ஒருவன் அவருடைய மகன் ரதீந்திரநாத். பணம் போதவில்லை. மனைவி மிருணாளினி தேவி தன் நகைகளைக் கொடுத்தார். புரியில் இருந்த வீடும் விலைக்குப் போனது.

அடுத்த சில வருஷங்கள் அவரை அடித்துப் போட்டன. 1902-ல் மனைவி இறந்தார். 1903-ல் மகள் ரேணுகா. 1905-ல் அப்பா. 1907-ல் சின்ன மகன் சமீந்திரநாத். வேறு யாராவது என்றால் பள்ளியை மூடியிருப்பாங்க. அவர் மூடவில்லை.

அவரை மேல்நாட்டுப் படிப்புக்கு எதிரி என்று நினைச்சிடாதீங்க. 1906-ல் ரதீந்திரநாத்தை அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார், அதுவும் விவசாயம் படிக்க. வசதியான வீட்டுப் பிள்ளைகள் லண்டனுக்கு சட்டம் படிக்கப் போன காலம் அது. கற்றதைக் கொண்டுவந்து நம்ம கிராமத்து வயலில் பயன்படுத்தணும் என்பதுதான் அவர் எண்ணம்.

பட்டங்கள் தேடி வந்தன

1913-ல் கீதாஞ்சலிக்காக நோபல் பரிசு. ஆசியாவிலிருந்து நோபல் பெற்ற முதல் மனிதர். அதே டிசம்பரில் கல்கத்தா பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 1915-ல் பிரிட்டிஷ் அரசு சர் பட்டம் கொடுத்தது. 1919-ல் ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்ததும், வைஸ்ராய்க்குக் கடிதம் எழுதி, அந்தப் பட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

1921-ல் பள்ளி விஸ்வபாரதி பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அடுத்த வருஷமே பக்கத்தில் ஸ்ரீநிகேதன் என்ற கிராம மேம்பாட்டு மையம் வந்தது. 1927-ல் நம்ம பக்கமும் வந்தார். சிங்கப்பூர், மலாக்கா, கோலாலம்பூர், ஈப்போ, தைப்பிங், பினாங்கு என்று சுற்றிப் பேசிவிட்டு, ஜாவா, பாலி, சயாம் எல்லாம் போனார். இங்கே அவர் வந்தபோது தோட்டங்களில் நம்ம பாட்டன் பூட்டன் மரம் வெட்டிக்கிட்டு இருந்த காலம்.

1937 பிப்ரவரி 17

கல்கத்தா பல்கலைக்கழகம் 1857-ல் தொடங்கியது. ஆரம்பத்திலிருந்து பட்டமளிப்பு உரை என்றால் ஆங்கிலம்தான். பேசுவதும் பெரும்பாலும் ஆளுநர், துணைவேந்தர் மாதிரி பதவியில் இருப்பவங்கதான். 1937-ல் துணைவேந்தராக இருந்த சியாமா பிரசாத் முகர்ஜி, தாகூரைச் சிறப்புரைக்கு அழைத்தார். அரசாங்கப் பதவி எதுவும் இல்லாத ஒரு கவிஞர். வயது 75. ஒரு பட்டப்படிப்பையும் முடிக்காதவர்.

தாகூர் வங்காளத்தில் பேசினார். அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு மேடையில் மக்களின் மொழி ஒலித்தது அதுதான் முதல் தடவை.

கொஞ்சம் நினைத்துப் பாருங்க. அவருக்கு ஆங்கிலம் தெரியாமலா? உலகமே அவரை ஆங்கிலத்தில்தான் படித்தது. தடுமாறும் ஆள் தாய்மொழிக்கு ஓடினால் அதற்கு வேறு பெயர். ஆங்கிலத்தில் நோபல் வரை போனவர், மேடையில் தன் மொழியை எடுத்ததில்தான் விஷயம் இருக்கு. 31 வயதில் எழுதியதை 75 வயதில், அந்தக் கல்வி முறையின் மேடையிலேயே நின்று செய்து காட்டினார். நடுவில் 44 வருஷம். இத்தனை வருஷம் ஒரே விஷயத்தைப் பிடித்து நிற்க நம்மால் முடியுமா? எனக்கு ஒரு செமஸ்டரே தாங்கல.

எனக்கு ரொம்பப் பிடித்தது

அதே 1937-ல் அவர் ஒரு புத்தகம் வெளியிட்டார். பெயர் விஸ்வ பரிசய். கவிதை இல்லை, அறிவியல்! அணு, நட்சத்திரம், சூரியக் குடும்பம், பூமி எல்லாவற்றையும் சாதாரண வங்காளி வாசகனுக்கு அவன் மொழியில் விளக்கும் புத்தகம். டல்ஹௌசியில் அப்பா காட்டிய நட்சத்திரங்கள் இங்கே வந்து சேர்ந்தன. புத்தகத்தை அவர் சமர்ப்பித்தது சத்யேந்திரநாத் போஸுக்கு. நம்ம பிசிக்ஸ் பாடத்தில் ஐன்ஸ்டைன் பெயரோடு சேர்ந்து வருவாரே, அதே போஸ்தான்.

தாய்மொழியில் படிக்கணும் என்று மேடையில் சொல்வது சுலபம். படிக்க அந்த மொழியில் புத்தகம் வேணுமே? விஞ்ஞானி இல்லாத ஒரு கிழவர், உடம்பு முடியாத வயசில், உட்கார்ந்து படித்து, எழுதியே கொடுத்திருக்கார். இதைப் படித்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது.

கடைசியாக ஒரு பட்டம். 1940 ஆகஸ்ட் 7-ஆம் தேதி ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் தன் பிரதிநிதிகளைச் சாந்திநிகேதனுக்கே அனுப்பி டாக்டர் பட்டம் கொடுத்தது. வந்தவர்களில் டாக்டர் ராதாகிருஷ்ணனும் ஒருவர். ஆக்ஸ்ஃபோர்டு வழக்கப்படி அவங்க லத்தீனில் வாசித்தாங்க. தாகூர் சமஸ்கிருதத்தில் பதில் சொன்னார். சரியாக ஒரு வருஷம் கழித்து, 1941 ஆகஸ்ட் 7-ஆம் தேதி, பிறந்த வீட்டிலேயே கண் மூடினார்.

இலையும் பாட்டியும்

விஸ்வபாரதியில் பட்டம் வாங்குகிறவர்களுக்கு ஏழிலைப்பாலை மரத்தின் இலையும் கொடுப்பது வழக்கமாக இருந்தது. தேவேந்திரநாத் தியானம் செய்த மரம் அது. நம்ம மரபில் பட்டமளிப்பு உரை ஒன்றும் புதுசு இல்லை. படிப்பை முடித்து வீட்டுக்குக் கிளம்பும் சீடனுக்குக் குரு சொல்லும் அறிவுரை தைத்திரீய உபநிடதத்திலேயே இருக்கு. குரு சொல்வது சீடனுக்குப் புரியும் மொழியில் இருந்தது. சீடன் வீட்டுக்குப் போய் அதை மற்றவங்களிடம் சொல்லவும் முடிந்தது.

நான் என்ன செய்தேன்? போன மாதம் லீவில் வீட்டுக்குப் போனப்போ, என் இறுதியாண்டு புரொஜெக்டைப் பாட்டியிடம் தமிழில் சொல்லிப் பார்த்தேன். ஆற்றில் தண்ணீர் ஏறுவதை அளந்து, வெள்ளம் வருவதற்கு முன்னாடியே கிராமத்துக்குத் தகவல் அனுப்பும் கருவி. சென்சார், சிக்னல் என்று ஆங்கிலம் கலந்துதான் வந்தது. பத்து நிமிஷத்தில் சொல்ல வேண்டியதற்கு ஒரு மணி நேரம் ஆச்சு. எனக்கே சரியாகப் புரியாத இடங்கள் இரண்டு மூன்று மாட்டின. ஆங்கிலத்தில் எழுதும்போது அதையெல்லாம் பெரிய வார்த்தை போட்டு மூடிவிட்டிருந்தேன்.

பாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. பெரிய மழை வந்தா முதலில் கரண்டுதானே போகும், அப்போ உன் மெஷின் எப்படிப்பா வேலை செய்யும் என்று. என் லெக்சரர் கூட அதைக் கேட்கல. இப்போ அந்தக் கேள்விக்காக ஒரு பேட்டரியும் சோலார் தகடும் சேர்த்து, ரிப்போர்ட்டைத் திரும்ப எழுதிக்கிட்டு இருக்கேன்.

நீங்களும் உங்க வீட்டுப் பெரியவங்க யாரையாவது உட்கார வைத்து, நீங்க படிக்கிற படிப்பைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்க. வார்த்தை கிடைக்காட்டி பரவாயில்லை, கலந்தே சொல்லுங்க. உங்க கோன்வோ அன்றைக்குப் பாட்டியோ தாத்தாவோ பக்கத்தில் உட்கார்ந்து, அவர் என்ன சொல்றாரு என்று கேட்டால், ஒரே வரியில் முடிக்காமல் பதில் சொல்லத் தயாராக இருங்க. நானும் தயாராகிக்கிட்டு இருக்கேன்.