வாவி கடந்த மாணாக்கர்

பதினாறு பதினேழு வயதில் பிறநாடு சென்று, முன்பின் அறியாத ஒரு குடும்பத்திற் பிள்ளைபோல் ஓராண்டு தங்கி, அவ்வீட்டார் உண்பதை உண்டு, அவர்கள் மொழியிற் பேசி, அவ்வூர்ப் பள்ளியிற் படித்துத் திரும்பும் வழக்கம் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் உலகெங்கும் பரவிற்று. அமெரிக்கன் பீல்ட் சேர்விஸ் என்னும் சங்கம் பள்ளி மாணவர்க்கென 1947ஆம் ஆண்டில் இத்தகைய ஏற்பாட்டைத் தொடங்கியது. அவ்வாறு செல்லவிருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் சிலர், ஆசிரியனாகிய என்னிடம் தம் கவலையைச் சொல்வதுண்டு. பிள்ளை படித்து வருவான் என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. தம் பிள்ளையாகவே திரும்பி வருவானா என்பதே அவர்தம் ஐயம். அவர்களுக்கு நான் காரைதீவு மயில்வாகனனின் வரலாற்றைச் சொல்வேன். உலகம் சுவாமி விபுலாநந்தர் என அறிந்த பெரியாரே அச்சிறுவர்.

அவர் கடல் கடந்து சென்று கற்றவரல்லரே என்று அன்பர்கள் கேட்கலாம். உண்மைதான். ஆயினும் 1892ஆம் ஆண்டிற் காரைதீவிற் பிறந்த ஒரு சைவச் சிறுவனுக்கு மட்டக்களப்பு நகரத்துப் புனித மைக்கேல் கல்லூரி எத்துணைத் தொலைவிலிருந்தது என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

காரைதீவு கல்முனைக்குத் தெற்கே, கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான ஊர். ஊரின் உயிர்நிலை கண்ணகை அம்மன் கோயில். வைகாசிச் சடங்கு தொடங்கிவிட்டாற் கண்ணகி வழக்குரை பாடும் ஓசை அங்கே இரவெல்லாம் கேட்கும். சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மகனாகப் பிறந்த மயில்வாகனன் அவ்வோசையைக் கேட்டே வளர்ந்தவர். குஞ்சித்தம்பி ஆசிரியர் எழுத்தறிவித்தார். புலோலி வைத்தியலிங்க தேசிகர் தமிழும் வடமொழியும் தொடங்கிவைத்தார். பின்னர்க் கல்முனை மெதடிஸ்த பாடசாலையில் ஆங்கிலக் கல்வி. அதன்பின்னரே புளியந்தீவுப் பயணம்.

நாள்தோறும் வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தொலைவன்று அது. 25 மைலுக்கு மேற்பட்ட வழி. கல்முனையும் காத்தான்குடியும் கடந்து கல்லடியை அடைந்தால், அங்கே தரைவழி முடிந்து வாவி குறுக்கிடும். இன்று நாம் காணும் கல்லடி இரும்புப் பாலம் அக்காலத்தில் இல்லை. ஓடமேறித்தான் நகரம் புக வேண்டும். அக்கரையில் அந்தச் சிறுவனை எதிர்கொண்டவை அனைத்தும் புதியன. கல்லூரியை நடத்தியவர்கள் பிரான்சு தேசத்திலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகள். அவர்கள் தாய்மொழி ஒன்று. வகுப்பிற் பாடம் சொன்ன ஆங்கிலம் மற்றொன்று. மாணவன் வீட்டிற் பேசியதோ நம் மட்டக்களப்புத் தமிழ். ஒரு நாளின் பொழுதுகளைக் கோயில் மணி வகுத்தது. ஆனால் அது அவன் ஊர்க் கோயிலின் மணியன்று. இதனைப் பிறநாட்டு வாழ்வு என்று கூறாமல் வேறென்னவென்று கூறுவது?

அங்கே அவருக்கு வாய்த்த பெரும்பேறு பொனெல் அடிகளார். கணிதத்தில் வல்லவரான அத்துறவி மயில்வாகனனின் மதிநுட்பத்தைக் கண்டுகொண்டார். தம் சமயத்தைச் சேராத ஒரு மாணவனுக்குத் தம்மிடமிருந்த கலையைக் குறைவின்றிக் கொடுக்கும் ஆசிரியர் எந்நாளிலும் சிலரே. கொடுத்தவர் பெருமை ஒருபுறமிருக்க, கொண்டவர் கொண்ட முறையும் கருதத்தக்கது. எண்ணையும் அளவையையும் ஆங்கிலத்தையும் அவர் தயக்கமின்றிப் பெற்றுக்கொண்டார். திருநீற்றையும் தமிழையும் கைவிட்டாரில்லை. விருந்தாளியாயிருக்கும் கலை இதுவென்றே நான் கருதுகின்றேன்.

1908ஆம் ஆண்டில், தம் பதினாறாம் வயதில், கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்விற் சித்தியெய்தினார். வினாக்கள் கப்பலேறி வந்தன. விடைகள் கப்பலேறிச் சென்றன. இங்கிலாந்தை ஒருநாளும் பாராத சிறுவனை இங்கிலாந்தின் அளவுகோல் அளந்தது. தேறிய மாணவரை அக்கல்லூரியே ஆசிரியராகவும் ஏற்றது. கல்முனைக் கத்தோலிக்க பாடசாலையிலும் அவர் கற்பித்தார்.

இதன் பின்னான ஆண்டுகளை விரைந்து கடக்கலாம். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி. 1915இல் விஞ்ஞான டிப்ளோமா. 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். இலங்கையிலிருந்து அப்பண்டிதத் தேர்வில் முதன்முதல் தேறியவர் அவரே. 1917இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். மீண்டும் ஒரு கத்தோலிக்கர் இல்லம். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டம், இலண்டனைக் காணாமலே. பௌதிகம் கற்பித்துக்கொண்டே பண்டிதத் தமிழும் கற்ற ஒருவரை அக்காலச் சூழலில் எந்தப் பெட்டியில் அடைப்பதென்று பலருக்கும் விளங்கியிராது. நமக்கும் இன்றுவரை அத்தகையோரை அடைக்கப் பெட்டி இல்லை. நிற்க.

1922ஆம் ஆண்டில், மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவியைத் துறந்து, சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். இது கடல் கடந்த பயணம். மீண்டும் பிறர் இல்லம். வங்கத்தில் வேரூன்றிய துறவியர் குடும்பம். அவர்கள் நியமங்கள், அவர்கள் உணவு, அவர்கள் வழிபாடு. 1924இல் சந்நியாசம் பெற்றபோது விபுலாநந்தர் என்னும் பெயர் வந்தது. அவ்வீட்டிலும் அவர் பெற்றது மிகுதி, இழந்தது இல்லை. 1926இல் வெளிவந்த மதங்க சூளாமணியைப் பாருங்கள். சேக்சுபியரின் நாடகங்களையும் நம் பழந்தமிழ்க் கூத்திலக்கணத்தையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்த நூல் அது. அந்த ஆங்கில நாடகாசிரியருக்குச் சூட்டிய பெயர்தான் மதங்க சூளாமணி. காவி உடுத்தபின்னும் புளியந்தீவில் அரும்பிய ஆங்கிலப் படிப்பு அவரிடம் உயிரோடிருந்தது.

அவர் வரலாற்றில் என் மனம் அதிகம் தோயும் பகுதி 1925க்குப் பின்வருவது. இலங்கைக்குத் திரும்பி இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளைப் பொறுப்பேற்ற அடிகளார், 1929இல் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். அவ்விடத்தைக் கருதுங்கள். சிறுவயதில் ஓடத்துக்குச் சென்ற அதே கல்லடி, வாவியின் இக்கரை. அக்கரையில் ஆங்கிலக் கல்வி பெற ஒரு சைவச் சிறுவன் பிறர் இல்லம் புக வேண்டியிருந்தது. இக்கரையில் அக்கல்வியைத் தம் மரபிலேயே பெறுவதற்கு அவர் ஓர் இல்லம் அமைத்தார். பெற்றோரை இழந்த பிள்ளைகளும் வறிய பிள்ளைகளும் மாணவர் இல்லங்களில் அவரது பராமரிப்பில் வளர்ந்தனர். தாம் ஒருகாலத்தில் விருந்தினராயிருந்தவர், இப்போது விருந்தோம்புநரானார். புனித மைக்கேலை எதிர்த்து எழுந்தது சிவானந்தம் எனச் சிலர் பேசுவர். எனக்கு அது சரியாகப் படவில்லை. அங்கே கற்ற முறையை அடிகளார் இங்கே கொண்டுவந்தார் என்பதே பொருந்தும்.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. பேராசிரியர் என்ற மிடுக்கு அவரைச் சேரிக்குச் செல்லாமல் தடுக்கவில்லை. அருகிலிருந்த ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புகளுக்கு நடந்துசென்று பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். 1939 முதல் 1941 வரை இமயமலைச் சாரலின் மாயாவதியில் தங்கிப் பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கிலத் திங்களிதழை நடத்தினார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார்.

இத்தனை இடங்களிலும் அவரோடு சென்ற ஒரு கேள்வி உண்டு. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் வரும் யாழின் இலக்கணம் என்ன என்பது அக்கேள்வி. கருவி மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. பாட்டில் மட்டும் அது வாழ்ந்தது. அதனை மீட்கப் புலமை ஒன்றே போதாது. நரம்பின் நீளத்துக்கும் எழும் சுரத்துக்கும் உள்ள விகிதத்தைக் கணித்தறிய வேண்டும். பண்களின் கோவையை எண்களாக எழுதிச் சரிபார்க்க வேண்டும். ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் அடிகளார் இதில் உழைத்தார். கண்ணகை அம்மன் கோயிலடியிற் கேட்ட கதை ஒரு கையிலும், புளியந்தீவிற் கற்ற கணிதம் மறு கையிலுமாக அவர் அமர்ந்திருந்த காட்சி என் மனக்கண்ணிற் பலமுறை தோன்றும். பொனெல் அடிகளார் கற்பித்த கணக்கு இளங்கோவடிகளுக்குப் பயன்படுமென்று யாரே எண்ணியிருப்பர்? வாவியின் இசைமீனையும் அவர் மறக்கவில்லை. நிலவிரவில் நீருள் எழும் அவ்வோசையை நீரர மகளிர் என்னும் செய்யுட் பகுதியாகப் பாடிவைத்தார்.

யாழ் நூல் 1947 யூன் முதல் வாரத்தில், தஞ்சைச் சீமையின் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக அரங்கேறியது. அடிகளாரின் உடல் அதற்கு முன்னரே தளர்ந்திருந்தது. அவ்வாண்டு யூலை 19ஆம் நாள் கொழும்பில் அவர் மறைந்தார். ஐம்பத்தைந்து வயது. உடலைக் கொழும்பிலேயே விட்டுவிடாமல் கிழக்கே கொண்டுவந்து, கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலய வளவில் ஒரு மரநிழலிற் சமாதி வைத்தனர். இறைவனுக்கு ஏற்ற மலர் எதுவென்று அவரே பாடிய பாட்டை அங்கே பொறித்திருக்கின்றனர். பள்ளி விட்டுத் திரும்பும் மாணவர்கள் அவ்வழியே செல்கின்றனர். அங்கிருந்து சிறிது நடந்தால் வாவிக்கரை. பாலத்தைக் கடந்தால் மட்டக்களப்பு நகரம்.