தாயின் நேர்ச்சையும் மகனின் அழைத்தலும்

பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டால் நம் எதிர்காலத்தைப் பற்றிக் கேளாதவர் இல்லை. பதினைந்து வயதில் வாழ்க்கையையே தீர்மானிக்க முடியுமா என்று நாமும் மலைக்கிறோம். 1662-ஆம் ஆண்டில் இதே வயதில் ஒரு முடிவெடுத்தவர், பின்னாளில் நம் தமிழ் மண்ணில் இரத்தம் சிந்திப் புனிதரானார். அவரே நாம் அருளானந்தர் என்று போற்றும் புனித ஜான் டி பிரிட்டோ.

அவர் 1647-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் நாள் போர்ச்சுக்கல் நாட்டின் லிஸ்பன் நகரில் உயர்குடியில் பிறந்தார். ஆளுநர் பதவி ஏற்றுப் பிரேசில் சென்ற தந்தை அங்கேயே இறந்தார். தாய் பியாட்ரிஸ் அம்மையாரே பிள்ளைகளை வளர்த்தார். சிறுவர் ஜான் அரண்மனையில் இளவரசர் பேதுருவுக்குத் தோழராக வளர்ந்தார்.

அங்கே அவரைக் கொடிய நோய் பற்றியது. தாய் புனித சவேரியாரிடம் மன்றாடி, மகன் பிழைத்தால் சேசு சபையாரின் அங்கியை ஓராண்டு அணிவிப்பதாக நேர்ந்துகொண்டார். நம் ஊர்த் தாய்மார் வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்து பிள்ளைக்குக் காவி உடுத்துவது போன்றதே அது. மகன் பிழைத்தார். அரண்மனைப் பிள்ளைகள் பகட்டாக உடுத்தி உலவ, அவர் மட்டும் எளிய கறுப்பு அங்கியில் நடமாடினார். ஓராண்டு முடிந்தது. அங்கியைக் கழற்றினார், ஆனால் அதன் மேல் கொண்ட ஆசை அவரை விட்டுக் கழலவில்லை.

அந்த ஆசை நோய் தீர்ந்த நன்றியால் வந்ததா, இறைவனின் அழைத்தலா? அதைக் காலமே சோதித்தறிய வேண்டியிருந்தது. 1662 டிசம்பர் 17-ஆம் நாள் அவர் சேசு சபையின் நவசந்நியாச மடத்தில் சேர்ந்தார். பத்து ஆண்டுகளுக்கு மேல் படித்தும் கற்பித்தும் கழிந்தன. சவேரியாரைப் போல் இந்தியா செல்லும் ஆவல் குறையவேயில்லை. 1673-இல் குருப்பட்டம் பெற்றார்.

மகனைக் குருத்துவத்திற்குக் கொடுத்த தாயால் கடலுக்கு அப்பால் அனுப்ப இயலவில்லை. பாப்பரசரின் தூதர் வழியாகவும் தடுத்துப் பார்த்தார். கணவரைக் கடல் கடந்த நாட்டில் இழந்த அந்த உள்ளத்தை யார் குறை கூற முடியும்? ஆயினும் அதே ஆண்டு மார்ச் மாதத்தில் மகன் கப்பலேறினார்.

கோவா வழியாக 1674-இல் மதுரை மறைப்பணித் தளத்தை அடைந்தார். பண்டாரசுவாமியாகக் காவி உடுத்தி, புலால் நீக்கி, ஊர் ஊராக நடந்தார். 1686-இல் மறவ நாட்டில் கைதாகிக் கொடிய சித்திரவதைக்கு ஆளாகி விடுதலை பெற்றார். பின்னர் சபைப் பணிக்காக ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார்.

லிஸ்பனில் அப்போது அரசராக இருந்தவர் பழைய தோழர் பேதுருவே. தம் மகனுக்கு ஆசிரியராகத் தங்கிவிடும்படி அரசர் விரும்பினார். தாயும் அந்நகரிலேயே இருந்தார். பதினைந்து வயதில் அவர் அறியாத துன்பங்கள் எல்லாம் இப்போது அவர் உடலில் தழும்புகளாக இருந்தன. தங்கிவிட்டால் யாரும் பழித்திருக்க மாட்டார்கள். எனினும் எல்லாம் அறிந்தே அவர் மீண்டும் இறைவனுக்கு இசைவு தந்து, 1690-இல் இந்தியா திரும்பினார்.

மறவ நாட்டின் தடியத்தேவர் நோய் நீங்கித் திருமுழுக்குப் பெற விரும்பி, ஒரே மனைவியுடன் வாழ முடிவு செய்தார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதி மன்னரின் உறவினர். அதனால் எழுந்த சினத்தால் அருளானந்தர் மீண்டும் கைதானார். 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது. 1947 ஜூன் 22-ஆம் நாள் பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

வேதசாட்சியாக மகன் இறந்த செய்தி லிஸ்பனை எட்டியபோது நன்றி வழிபாடு நடந்தது. அதற்கு வந்த தாய் துக்க உடை அணியவில்லை. திருவிழா உடை அணிந்து வந்தார். ஓராண்டுக்கென நேர்ந்த தாய், மகனின் வாழ்நாள் முழுவதையும் காணிக்கையாக்க மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டார்.

அன்புத் தோழியரே! நம் மாதவரத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத பூந்தமல்லி குருமடத்தில் இன்றும் இளைஞர்கள் பல ஆண்டுகள் தங்கித் தங்கள் அழைத்தலைச் சோதித்து அறிகிறார்கள். அவர்களுக்காகவும், அவர்களை அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருக்கும் அன்னையருக்காகவும் மன்றாடுவோம். அழைத்தல் ஒரே நாளில் தெளிவாவதில்லை. ஒவ்வொரு நாளும் இறைவனுக்கு இசைவு தரத் தருவதால் அது தெளிவாகும் என்பதே அருளானந்தர் நமக்குக் காட்டும் வழி.