தலைப்பாகை தந்த தவமுனி

தென்கோடித் தமிழகத்தில் தாழ்ந்து கிடந்த மக்களைத் தலைநிமிரச் செய்தவர்களுள் தலையாயவர் அய்யா வைகுண்டர். அவரைத் திருமாலின் அவதாரமாக வணங்குவோர் உளர். சமூகச் சீர்திருத்தச் செம்மலாகப் போற்றுவோரும் உளர். இவ்விரண்டும் வேறுவேறல்ல என்பதே என் எண்ணம். அவர் செய்த சீர்திருத்தம் அவர் அமைத்த வழிபாட்டிற்குள்ளேயே குடிகொண்டிருக்கிறது.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தது. சாமிதோப்பு என இப்போது வழங்கும் அங்குள்ள சிற்றூரில் 1809ஆம் ஆண்டு பொன்னுமாடன், வெயிலாள் இணையருக்கு அவர் மகனாகப் பிறந்தார். பெற்றோர் ஆசையோடு இட்ட பெயர் முடிசூடும் பெருமாள். எளிய குடிப் பிள்ளைக்கு முடியும் பெருமாளுமா என மேல்சாதியினர் சீறவே, பெயர் முத்துக்குட்டி என மாறிற்று. பெயருக்கே தடை என்றால் உடைக்குக் கேட்கவா வேண்டும்! ஆடவர் தலைப்பாகை கட்டலாகாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி தொங்கலாகாது. பெண்கள் தோள்சேலை அணியலாகாது. இடுப்பில் குடம் ஏந்தவும் கூடாது.

நோயுற்று நலிந்த முத்துக்குட்டியை 1833ஆம் ஆண்டு மாசி மாதம் உறவினர் திருச்செந்தூருக்கு அழைத்து வந்தனர். கடலுக்குள் சென்றவர் மூன்றாம் நாள் வைகுண்டராக வெளிப்பட்டார் என்பது அன்பர்களின் நம்பிக்கை. எங்கள் சாத்தான்குளத்தில் பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்தில் அக்கடற்கரையை அடையலாம்.

பின்னர் அவர் சாமிதோப்பில் தவமிருந்தார். மக்கள் திரள்திரளாக நாடி வரவே, அரசு அஞ்சியது. சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில், 1838இல் கைதாகித் திருவனந்தபுரத்தில் சிறையிருந்தார், 1839இல் விடுதலையானார்.

சிறையிலிருந்து மீண்டவர் வாளெடுக்கவில்லை, வழிபாட்டையே படைக்கலமாக்கினார். துவையல் தவசு என்னும் நோன்பில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் கடற்கரையில் கூடித் துவைத்துக் குளித்து, சைவ உணவு உண்டு வாழப் பயின்றன. பொதுக் கிணற்றில் எல்லாரும் இறங்கி நீராடினர். ஒரே பந்தியில் உண்டனர். உயிர்ப்பலி விலக்கப்பட்டது. மறுக்கப்பட்ட தலைப்பாகையை ஆடவர் இறைவன் முன்னிலையில் அணிய வேண்டும் என்பதே விதியாயிற்று. கருவறையில் சிலை இல்லை, கண்ணாடி உண்டு. வணங்க வந்தவன் அதில் தன் முகத்தையே காண்கிறான். தீண்டத்தகாதவன் எனப் பிறர் ஒதுக்கிய உடலுக்குள் இறைவன் உறைகின்றான் என்பதை இதனினும் எளிதாக யாரால் உணர்த்த முடியும்?

1851இல் அவர் வைகுண்டம் ஏகினார். தோள்சேலைக்கு அரசாணை இசைவு தந்தது 1859இல்தான். சீடர் அரி கோபாலன் ஓலையில் எழுதிய அகிலத்திரட்டு அம்மானை 1939இல் அச்சேறியது. ஊர்தோறும் நிழல் தாங்கல்கள் எழுந்தன. மாசி 20ஆம் நாள் அவதாரத் திருநாளாகக் கொண்டாடப்படுகிறது.

விழா எடுப்பது எளிது. வழி நடப்பதுதான் அரிது. இத்தென்மாவட்டங்களில் சாதிக்கொரு நிறத்தில் கையில் கயிறு கட்டும் மாணவரை நாம் அறிவோம். 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரை உடன்பயின்றோரே வீடு புகுந்து வெட்டிய கொடுமையையும் அறிவோம். அய்யா தந்த துணி தாழ்ந்த தலையை நிமிர்த்தியது. நாம் கட்டும் கயிறோ பக்கத்து இருக்கைத் தோழனைப் பகைவனாக்குகிறது. அக்கயிற்றை அவிழ்க்க அரசாணைக்குக் காத்திருக்க வேண்டுமா, நண்பர்களே? கட்டிய கையே அவிழ்க்கலாம். அதுவே அய்யாவுக்கு மாணவர் செய்யும் வழிபாடு.