தங்க வயலுக்கு வந்த காவிரி

ஆண்டர்சன்பேட்டையில் ஆறு இல்லை. கோலார் தங்க வயலின் ஒரு பகுதியான இவ்வூரைச் சுற்றிக் கற்குன்றுகளும், சுரங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்ட சயனைடு மண்மேடுகளுமே காட்சி தரும். ஆயினும் 1902 ஆம் ஆண்டில் காவிரி இவ்வட்டாரத்தை வந்தடைந்தது. நீராக அன்று, மின்சாரமாக. அவ்வாறு வரவழைத்தவர்களுள் தலையாயவர் மைசூர் நாட்டின் திவான் சேஷாத்திரி ஐயர்.

அவர் 1845 ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், பாலக்காட்டை அடுத்த குமாரபுரத்தில் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை கோழிக்கோட்டில் வழக்கறிஞர். இளமையிலேயே தந்தையை இழந்த அவர், கல்வியைத் துணையாகப் பற்றிக்கொண்டு சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அவரது திறமையை நன்கு அறிந்திருந்த ரங்காச்சார்லு, 1868 இல் அவரை மைசூர் அரசுப் பணிக்கு அழைத்துச் சென்றார். பின்னாளில் ரங்காச்சார்லுவே மைசூரின் திவானானார். 1883 இல் அவர் மறைந்தபோது அப்பொறுப்பு சேஷாத்திரி ஐயரிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு நிரம்பவில்லை.

அவர் பொறுப்பேற்ற நாடு வளமான நாடாக இருக்கவில்லை. 1876 முதல் 1878 வரை நிலவிய கொடும்பஞ்சம் மைசூர் மக்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரைக் கொண்டுபோயிருந்தது. கருவூலத்தைக் கடன் அழுத்தியது. அடுத்த பதினெட்டு ஆண்டுகளில் அவர் இருப்புப் பாதைகளையும் பாசன ஏரிகளையும் பெருக்கினார், பெங்களூருக்கு ஹெசரகட்டாவிலிருந்து குடிநீர் கொண்டுவந்தார், கடனையும் அடைத்தார். 1894 இல் மன்னர் சாமராஜேந்திர உடையார் திடீரென மறைய, இளவரசர் சிறுவராக இருந்தமையால் மகாராணி ஆட்சிப்பொறுப்பை ஏற்றார். அக்காலத்திலும் ஆட்சியின் சுமை பெரும்பாலும் திவானின் தோளிலேயே இருந்தது.

அந்நாளில் தங்க வயலின் சுரங்கங்கள் ஆழமாகிக்கொண்டே சென்றன. வடார்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் பாறையைக் குடைந்து தாது எடுத்தனர். அத்தாதை இடித்துப் பொடியாக்கவும், ஆழத்திற்குக் காற்றைச் செலுத்தவும், ஊறும் நீரை வெளியேற்றவும் நீராவிப் பொறிகள் வேண்டியிருந்தன. அப்பொறிகளுக்கு விறகு வேண்டும். அதனால் சுற்றுப்புறக் காடுகள் அழிந்தன. நிலக்கரியோ நெடுந்தொலைவிலிருந்து தொடர்வண்டியில் வரவேண்டும். ஆழம் கூடக்கூட எரிபொருட் செலவும் கூடியது. சுரங்கத்தின் வருவாயில் ஒரு பங்கு மைசூர் அரசுக்குரியது. ஆதலின் சுரங்கத்தின் இடர்ப்பாடு திவானின் இடர்ப்பாடாகவும் ஆயிற்று.

சிவசமுத்திரத்தில் காவிரி இரு கிளைகளாகப் பிரிந்து ககனசுக்கி, பரசுக்கி என்னும் அருவிகளாக வீழ்கிறது. அவ்வீழ்ச்சியைக் கொண்டு மின்சாரம் ஆக்கலாம் என்று திட்டம் வகுத்தவர், மைசூர்ப் பொறியியல் துறையில் பணியாற்றிய ஜோலி டி லோட்பினியர். கனடாவின் கியூபெக்கில் பிறந்த படைப்பொறியாளர் அவர். அமெரிக்கா சென்று நயாகரா போன்ற இடங்களில் நடைபெற்ற பணிகளை நேரில் கண்டு வந்தார். திட்டம் பொறியாளருடையது, அதை நம்பிப் பொதுப்பணத்தை ஈடுபடுத்தும் துணிவு திவானுடையது. இந்தியாவின் முதல் நீர்மின் நிலையம் இதுவே என்று கூறுவதுண்டு, அது சரியன்று. 1897 இலேயே டார்ஜிலிங்கில் சிறிய நிலையம் ஒன்று இயங்கத் தொடங்கிவிட்டது. ஆனால் அது பக்கத்து ஊருக்கு விளக்கேற்றப் போதுமானது. சிவசமுத்திரத்திலிருந்து தங்க வயல் வரை மின்கம்பி செல்ல வேண்டிய தொலைவோ 92 மைல், அதாவது ஏறத்தாழ 148 கிலோமீட்டர். இந்தியாவில் அதுவரை எவரும் அத்தகைய முயற்சியில் இறங்கியதில்லை.

அத்தொலைவுதான் திட்டத்தின் உயிர்நாடியான வினாவாக இருந்தது. உயரத்தில் நிற்கும் நீர் நிலையாற்றலைக் கொண்டுள்ளது. அது குழாய்களின் வழியே கீழிறங்கும்போது அவ்வாற்றல் இயக்க ஆற்றலாக மாறிச் சுழலியைச் சுழற்றுகிறது. சுழலியோடு இணைந்த மின்னாக்கி அதை மின்னாற்றலாக மாற்றுகிறது. இங்கு நீர் விழும் உயரம் சுமார் 400 அடி, அதாவது 120 மீட்டர். ஆயிரம் லிட்டர் நீர் அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் கிடைக்கும் ஆற்றல் ஏறக்குறைய 12 இலட்சம் ஜூல். நம் வீட்டு மின்கட்டணச் சீட்டில் காணும் ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி, அதாவது 36 இலட்சம் ஜூல். ஆகவே சுழலியிலும் மின்னாக்கியிலும் நேரும் இழப்புப் போக, ஏறத்தாழ நான்காயிரம் லிட்டர் நீர் விழுந்தால் ஒரு யூனிட் மின்னாற்றல் கிடைக்கும். 100 வாட் குண்டு விளக்கு ஒன்று பத்து மணி நேரம் எரிய அது போதும். இதில் நீர் சிறிதும் செலவாவதில்லை; சுழலியைச் சுழற்றிவிட்டு மீண்டும் ஆற்றிலேயே சேர்ந்து தஞ்சையை நோக்கிச் செல்கிறது. காவிரி முதலிய ஆறுகளைப் பற்றிச் சென்னைக்கும் மைசூருக்கும் இடையே 1892 இல் ஒப்பந்தம் ஏற்பட்டதும் சேஷாத்திரி ஐயர் திவானாக இருந்தபோதுதான். ஆற்றுநீரில் ஒவ்வொரு துளிக்கும் உரியவர் இருந்த அந்நாளில், நீரைக் குடிக்காத தொழில் ஒன்று கிடைத்தது சிறிய பேறன்று.

ஆக்கிய மின்சாரத்தை அனுப்புவது வேறொரு சிக்கல். கம்பியில் மின்னோட்டம் பாயும்போது அதன் மின்தடையால் வெப்பம் உண்டாகிறது. மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். பத்து மடங்கானால் நூறு மடங்காகும். அவ்வெப்பம் முழுவதும் வீணே. மின்திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கக் கிடைப்பது. எனவே மின்னழுத்தத்தை உயர்த்தினால், குறைந்த மின்னோட்டத்தைக் கொண்டே அதே திறனை அனுப்பலாம். தங்க வயலுக்குத் தேவைப்பட்டது 4,000 குதிரைத்திறன். அதாவது ஏறத்தாழ 3,000 கிலோவாட். எளிய கணக்காகக் கொண்டால், 300 வோல்ட்டில் அதை அனுப்பப் பத்தாயிரம் ஆம்பியர் வேண்டும். அதைத் தாங்க எத்தனை பருமனான செம்புக் கம்பி வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கவே இயலாது. 30,000 வோல்ட்டிலோ நூறு ஆம்பியரே போதும். சிவசமுத்திரத்தில் பின்பற்றியது இம்முறையே. மாறுதிசை மின்னோட்டத்தை மின்மாற்றிகளால் 30,000 வோல்ட்டுக்கு உயர்த்தி அனுப்பி, தங்க வயலில் மீண்டும் தாழ்த்திப் பொறிகளுக்கு வழங்கினர்.

சுழலிகள் சுவிட்சர்லாந்திலிருந்தும் மின்னாக்கிகள் அமெரிக்காவிலிருந்தும் கப்பலேறி வந்தன. தொடர்வண்டி நிலையத்திலிருந்து அருவிக்குச் செல்லும் கரடுமுரடான வழியில் மாடுகளும் யானைகளும் அவற்றை இழுத்துச் சென்றன. பணியிடத்தில் மலேரியா காய்ச்சல் தொழிலாளர்களை வாட்டியது. பெரும்பொருளை ஆற்றில் கொட்டுவதாகக் கருதி ஐயுற்றவர்களும் இருந்தனர். சேஷாத்திரி ஐயர் இதற்கு ஒரு காப்பு வைத்திருந்தார். மின்சாரம் பிறக்கும் முன்பே அதை விலைகொடுத்து வாங்கும் நீண்டகால ஒப்பந்தத்தைச் சுரங்கங்களை நிருவகித்த ஜான் டெய்லர் நிறுவனத்தாருடன் அரசு செய்துகொண்டது. வாங்குபவரை உறுதிசெய்த பின்னரே விற்பனைப் பொருளை ஆக்கத் தொடங்கிய இம்முன்னறிவை அவருடைய வேறெந்தச் செயலினும் உயர்வாகச் சொல்லலாம்.

குறை கூறப்படாத ஆட்சியாளராக அவர் இருந்தார் என்பதற்கில்லை. உயர்பதவிகளில் சென்னை மாகாணத்தவரையே அமர்த்துகிறார் என்னும் மனக்கசப்பு மைசூர்க்காரரிடையே வலுவாக இருந்தது. அதிகாரத்தைத் தம் கையிலேயே குவித்துக்கொண்டார் என்றும் கூறினர். தங்க வயலைப் பொறுத்தவரை இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காவிரி மின்சாரம் இயந்திரங்களுக்கென்று வந்தது. பாறையைக் குடைந்த தொழிலாளரின் குடிசைகளுக்கு விளக்கேற்றுவது அவ்வொப்பந்தத்தின் நோக்கமாக இருக்கவில்லை.

பணிகள் முழுவேகத்தில் நடந்துகொண்டிருந்த 1900 இல் அவரது உடல்நலம் குன்றியது. விடுப்பில் சென்றவர் மீண்டும் பணிக்குத் திரும்பவில்லை. 1901 இல் ஓய்வு பெற்றார். அவ்வாண்டு செப்டம்பர் 13 ஆம் நாள், ஐம்பத்தாறாம் வயதில் பெங்களூரில் காலமானார். அப்போது மின்கம்பி தங்க வயலை எட்டவில்லை.

ஒன்பது மாதங்களுக்குப் பின், 1902 ஜூன் 30 ஆம் நாள் சிவசமுத்திரத்தின் மின்சாரம் தங்க வயலை வந்தடைந்தது. தாது இடிக்கும் ஆலைகளும் காற்றழுத்திகளும் நீராவியின் துணையின்றி இயங்கலாயின. 1905 இல் அதே மின்சாரம் பெங்களூரின் தெருக்களில் ஒளிர்ந்தது. கோடையில் ஆற்றில் நீர் குறைந்தபோதும் சுரங்கத்திற்கு ஒப்பிய மின்சாரத்தைத் தடையின்றி வழங்க வேண்டியிருந்தது. 1911 இல் கண்ணம்பாடியில் அணை கட்டத் தொடங்கியதற்கு இத்தேவையும் ஒரு காரணமாகும். பெங்களூர் கப்பன் பூங்காவில் சேஷாத்திரி ஐயரின் சிலை 1913 இல் திறக்கப்பட்டது. அந்நகரின் சேஷாத்திரிபுரம் அவர் பெயரால் அமைந்தது. தங்க வயலின் சுரங்கங்கள் 2001 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களின் இறுதி நாளில் மூடப்பட்டன.