மிதிவண்டியில் இமயம் தொட்ட பெண்

இமயத்திலும் காரகோரத்திலும் பெண்கள் நிகழ்த்திய ஆய்வுப் பயணங்களின் வரலாற்றை எழுத முற்படும் எவரும் ஃபேனி புல்லக் வொர்க்மன் என்ற அமெரிக்கப் பெண்மணியை விலக்கிவிட்டு எழுத முடியாது. 1906-இல் ஏறத்தாழ 6,930 மீட்டர் உயரமுள்ள சிகரத்தில் ஏறியவர். 1912-இல் சியாச்சின் பனியாற்றை அளந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர். அவரை மலையேற்ற வீராங்கனை என்றே உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அவர் இமயத்துக்கு வந்து சேர்ந்த வழியோ பலரும் அறியாதது. இந்தியாவின் தென்கோடியில் தொடங்கி, மிதிவண்டியை மிதித்துக்கொண்டுதான் அவர் வடக்கே சென்றார். அவர் மறைந்து ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டச் சாலைகளை அன்றாடம் பார்த்து வரும் எனக்கு அவருடைய வாழ்க்கை வேறொரு காரணத்தால் முக்கியமாகப் படுகிறது. காலை 8 மணிக்கு இச்சாலைகளில் சீருடை அணிந்த மாணவியர் கூட்டங்கூட்டமாக மிதிவண்டியில் செல்கின்றனர். அதே சாலையில் 30 வயதைக் கடந்த பெண் ஒருவர் மிதிவண்டியில் செல்வதை அரிதாகவே காண்கிறேன். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த மிதிவண்டி எங்கே போனது? இக்கேள்விக்கு விடை தேடுவோருக்கு ஃபேனியின் வாழ்க்கையில் கற்றுக்கொள்ளச் சில உள்ளன. எச்சரிக்கையாகக் கொள்ளவும் சில உள்ளன.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் 1859 ஜனவரி 8-ஆம் நாள் ஃபேனி பிறந்தார். தந்தை அலெக்சாண்டர் ஹாமில்டன் புல்லக் அம்மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர். தாயின் குடும்பம் வெடிமருந்து உற்பத்தியில் பெருஞ்செல்வம் சேர்த்த குடும்பம். வீட்டிலேயே ஆசிரியை வைத்துக் கற்பித்தார்கள்; பின்னர் நியூயார்க்கிலும் பாரிஸ், டிரெஸ்டன் நகரங்களிலும் படித்தார். நல்ல இடத்தில் மணமுடித்து, விருந்தினரை உபசரித்து வாழ்வதற்கான பயிற்சியே அன்றைய செல்வந்தர் வீட்டுப் பெண்களுக்குத் தரப்பட்ட கல்வி. 1882-இல் தம்மைவிட 12 வயது மூத்த மருத்துவர் வில்லியம் ஹண்டர் வொர்க்மனை மணந்தார். 1884-இல் ரேச்சல் என்ற மகள் பிறந்தாள்.

மலையேற்றத்தை ஃபேனிக்கு அறிமுகப்படுத்தியவர் கணவர்தான். நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள வெள்ளை மலைகளில் இருவரும் கோடைதோறும் ஏறினர். ஐரோப்பாவின் மலையேற்றச் சங்கங்கள் பல பெண்களைச் சேர்த்துக்கொள்ளாதிருந்த காலத்தில், அமெரிக்காவின் அப்பகுதியில் பெண்கள் ஆண்களோடு சேர்ந்து மலை ஏறுவது ஓரளவு வழக்கத்துக்கு வந்திருந்தது. அந்தத் தொடக்கம் இல்லையெனில் பிற்காலத்து ஃபேனி உருவாகியிருக்க மாட்டார்.

1889-இல் குடும்பம் ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்தது. அதே ஆண்டில் பிறந்த மகன் சீக்ஃபிரீட் 1893-இல் நோயுற்று இறந்தான். அந்தத் துயரத்துக்குப் பின் ஃபேனி வீட்டோடு ஒடுங்கவில்லை, நெடும்பயணங்களில் இறங்கினார். மகள் ரேச்சலைச் செவிலியரிடமும் விடுதிப் பள்ளியிலும் விட்டுச் சென்றார். இதற்காக அவரைக் குறைகூறுவோர் உண்டு. மகளை விட்டுச் சென்றதில் கணவர் வில்லியத்துக்கும் அதே பங்கு இருந்தது. அவரை எவரும் அவ்வளவாகக் கேட்பதில்லை என்பதையும் சேர்த்தே நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். தாய் வீட்டை விட்டு வெளியேறினால் மட்டும் எழும் கேள்வி அது. நம் ஊரிலும் அப்படித்தான்.

அவர் வெளியேறுவதற்கு வாகனமாக அமைந்தது மிதிவண்டி. முன்சக்கரம் ஆளுயரத்துக்கு இருந்த பழைய மிதிவண்டியில் பாவாடை அணிந்த பெண் ஏறவே முடியாது. 1885-இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய ரோவர் வண்டியில் இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தன. சங்கிலி பின்சக்கரத்தைச் சுழற்றியது. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். இவ்விரண்டும் சேர்ந்ததும் 1890-களில் ஐரோப்பிய, அமெரிக்கப் பெண்கள் பெருந்திரளாக மிதிவண்டிக்கு வந்தனர். மிதிவண்டி ஓட்டும் பெண்ணின் உடல்நலம் கெடும், முகம் கோணிப்போகும், ஒழுக்கம் தவறும் என்றெல்லாம் மருத்துவர்களும் எழுதினர், போதகர்களும் பேசினர். அமெரிக்கப் பெண்கள் இயக்கத் தலைவி ஃபிரான்சிஸ் வில்லர்ட் தம் 53-ஆம் வயதில் மிதிவண்டி கற்றுக்கொண்டு அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். வசைகளுக்குப் பெண்கள் தந்த விடை தொடர்ந்து ஓட்டியதுதான்.

ஃபேனியும் வில்லியமும் ரோவர் வண்டிகளில் அல்ஜீரியாவையும் ஸ்பெயினையும் சுற்றினர். துரத்தும் நாய்களை விரட்டச் சாட்டையும், வழிப்பறிக்காரர்களுக்கு அஞ்சிக் கைத்துப்பாக்கியும் உடன் வைத்திருந்தனர். ஸ்பெயினில் மட்டும் ஏறத்தாழ 2,800 மைல். சென்ற இடமெல்லாம் பெண்களின் நிலையைக் கவனித்து எழுதியதும், அவர்கள் மீதான அடக்குமுறையைக் கண்டித்ததும் ஃபேனியின் நூல்களில் காணப்படும் ஒரு சிறப்பு.

1897 நவம்பரில் அவர்களுடைய மிகப் பெரிய பயணம் தொடங்கியது. அப்போது ஃபேனிக்கு வயது 38, வில்லியத்துக்கு 50. இந்தியா, இலங்கை, பர்மா, ஜாவா என இரண்டரை ஆண்டுகள் நீண்ட பயணம் அது. இந்தியாவின் தென்முனையிலிருந்து இமயம் வரை ஏறத்தாழ 4,000 மைல் மிதித்தனர். தேநீர்த்தூள், சர்க்கரை, பிஸ்கட், பாலாடைக்கட்டி, டப்பாவில் அடைத்த இறைச்சி, தண்ணீர், தலையணை, ஆளுக்கொரு கம்பளி, எழுதுபொருள்கள், மருந்துப் பெட்டி, வண்டியைப் பழுதுபார்க்கும் கருவிகள் - இவையே அவர்களுடைய மூட்டை. தங்குமிடம் கிடைக்காத இரவுகளில் ரயில் நிலையக் காத்திருப்பு அறைகளில் படுத்தனர். எலிகளும் கொசுக்களும் துணையிருந்தன. ஒரே நாளில் 40 பஞ்சர் வரை ஒட்ட வேண்டியிருந்த நாள்களும் உண்டு. நம் பகுதிச் சாலையோரக் கருவேல முள்ளை அறிந்தவர்கள் அந்த எண்ணிக்கையின் அருமையை உணர்வார்கள். 1904-இல் வெளிவந்த அவர்களுடைய பயண நூலின் தலைப்பிலேயே 14,000 மைல் என்ற கணக்கும், கோயில்கள் என்ற சொல்லும் இடம்பெற்றுள்ளன. பழங்கோயில்களின் கட்டடக்கலைக்கு அந்நூல் தந்த இடம் பெரிது. அக்கோயில்களைச் சுற்றி வாழ்ந்த மக்களுக்குத் தந்த இடம் சிறிது.

1898-இல் வெயிலுக்கு அஞ்சி வடக்கே மலைக்குச் சென்றபோதுதான் ஃபேனியின் வாழ்க்கை திசைமாறியது. வண்டியை அடிவாரத்தில் விட்டுவிட்டு, 14,000 முதல் 18,000 அடி உயரமுள்ள கணவாய்களை நடந்தே கடந்தார். அடுத்த ஆண்டே ஸ்விஸ் வழிகாட்டி ஒருவரோடு பியாஃபோ பனியாற்றுக்குச் சென்றார். அங்கே ஏறிய ஒரு சிகரத்துக்கு இறந்துபோன மகனின் பெயரைச் சூட்டினார். 1898 முதல் 1912 வரை 8 முறை இமயம், காரகோரம் பகுதிகளில் பயணம் செய்தார். ஒரு பயணத்தில் ஒருவர் ஏற்பாடுகளைக் கவனித்தால், மற்றவர் அளவைகளையும் ஒளிப்படங்களையும் கவனிப்பது. அடுத்த பயணத்தில் பொறுப்பை மாற்றிக்கொள்வது - இதுவே அத்தம்பதியர் வகுத்துக்கொண்ட முறை. கணவன் மனைவிக்கிடையே வேலையை இவ்வாறு சுழற்சியில் பிரித்துக்கொள்ளும் வழக்கம் இன்றைய இல்லங்களிலேயே எத்தனை உள்ளன?

1906-இல், தம் 47-ஆம் வயதில், நுன் குன் மலைத்தொகுதியில் பினக்கிள் சிகரத்தை எட்டினார். பெண்களுக்கான உயரச் சாதனையாக 1934 வரை அது நிலைத்தது. இடையில் அமெரிக்காவின் மற்றொரு மலையேற்ற வீராங்கனையான ஆனி ஸ்மித் பெக், பெரு நாட்டின் வாஸ்கரான் மலையில் அதைவிட உயரம் ஏறியதாக 1908-இல் அறிவித்தார். ஃபேனி பிரெஞ்சு நில அளவையாளர்களைத் தம் செலவில் பெருவுக்கு அனுப்பி அம்மலையை அளக்கச் செய்தார். பெக் ஏறிய முடி 21,812 அடிதான் என்று தெரியவந்தது. அதற்கு ஃபேனி செலவிட்டது 13,000 டாலர். பெக் வசதியற்றவர், ஒவ்வொரு பயணத்துக்கும் பணம் திரட்டவே அலைந்தவர். சாதனைக்குப் பின்னால் செல்வம் எவ்வளவு பெரிய பங்கு வகிக்கிறது என்பதற்கு இவ்விருவரின் போட்டியே சான்று.

ஆயினும் ஒன்றில் இருவரும் ஒன்றுபட்டனர். 1911-இல் பெருவின் கொரொபூனா மலையில் பெண்களுக்கு வாக்குரிமை கோரும் பதாகையைப் பெக் நாட்டினார். 1912-இல் காரகோரத்தில் சுமார் 21,000 அடி உயரத்தில் அதே கோரிக்கை அச்சிட்ட செய்தித்தாளை விரித்துப் பிடித்தபடி ஃபேனி ஒளிப்படம் எடுத்துக்கொண்டார். அமெரிக்கப் பெண்களின் வாக்குரிமை அரசமைப்புச் சட்டத்தில் இடம்பெற்றது 1920-இல்தான்.

அந்த 1912 பயணத்திலேயே இத்தாலியச் சுமைதூக்குநர் ஒருவர் பனிப்பிளவில் விழுந்து உயிரிழந்தார். ஃபேனி நூலிழையில் தப்பினார். இங்கே அவரைப் பற்றிய கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். அவருடைய வெற்றிகள் நூற்றுக்கணக்கான சுமைதூக்குநர்களின் முதுகில் ஏறி வந்தவை. அவர்களை அவர் கடுமையாக நடத்தினார், இகழ்ந்தும் எழுதினார். அவர்கள் பாதி வழியில் கூட்டமாக விட்டுச் சென்ற நிகழ்வுகளும் உண்டு. பெண் என்பதால் தமக்கு மறுக்கப்பட்ட மரியாதையைக் கேட்டுப் போராடிய ஒருவர், ஏழை என்பதாலும் ஆளப்படும் இனம் என்பதாலும் மற்றவர்க்கு மறுக்கப்பட்ட மரியாதையைக் காணத் தவறினார்.

1905-இல் லண்டன் ராயல் புவியியல் சங்கத்தில் உரையாற்றிய இரண்டாவது பெண்மணி ஆனார். பாரிஸ் சார்போன் பல்கலைக்கழகத்தில் உரையாற்றிய முதல் அமெரிக்கப் பெண்ணும் அவரே. நீண்டநாள் நோயுற்று, 1925 ஜனவரி 22 அன்று பிரான்சின் கான் நகரில் 66-ஆம் வயதில் காலமானார். ராட்கிளிஃப், வெல்லஸ்லி, ஸ்மித், பிரின் மார் ஆகிய 4 பெண்கள் கல்லூரிகளுக்கு 1,25,000 டாலரை எழுதிவைத்துச் சென்றார். மகள் ரேச்சல் நிலவியல் அறிஞரானார்.

ஃபேனிக்குச் செல்வம் தந்ததை நம் நாட்டு ஏழைப் பெண்களுக்கு ஓர் இயக்கம் தந்தது. பெரம்பலூரும் அரியலூரும் எந்தப் பழைய திருச்சி மாவட்டத்திலிருந்து பிரிந்தனவோ, அதிலிருந்து முன்னரே பிரிந்த பகுதிகளையும் சேர்த்து 1974-இல் அமைந்தது புதுக்கோட்டை மாவட்டம். அங்கே 1991-இல் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்பித்தது. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு உறுதுணையாக நின்றார். விவசாயக் கூலிப் பெண்களும், கல்குவாரித் தொழிலாளர்களும், கிராமச் செவிலியரும் கற்றனர். குழந்தையை முன்னால் அமர்த்திக்கொள்ளக் கம்பி இருப்பதால் ஆண்கள் வண்டியையே விரும்பியவர்களும் இருந்தனர். தண்ணீர் எடுப்பதும் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்வதும் எளிதாயின. பேருந்துக்கும் கணவனுக்கும் காத்திருப்பது குறைந்தது. சேர்த்துவைத்த நேரத்தில் சிறிது தமக்கென ஓய்வெடுக்கவும் அவர்களால் முடிந்தது.

பின்னர் தமிழக அரசு பள்ளி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால், அது பள்ளிப் பருவத்தோடு நின்றுவிடுகிறது. திருமணத்துக்குப் பிறகு அந்த வண்டி தம்பிக்குப் போகிறது, அல்லது தாழ்வாரத்தில் துருப்பிடிக்கிறது. மருமகள் மிதிவண்டியில் போவது வீட்டுக்கு அழகில்லை என்ற எண்ணம் ஒருபுறம். சாலைகளின் நிலை மறுபுறம். அரியலூர் மாவட்டத்தில் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகளுக்கு நடுவே மிதிவண்டியில் செல்ல ஆண்களே அஞ்சுகின்றனர். வளர்ந்த பெண்ணுக்கு மிதிவண்டி வேண்டாம் என்று சொல்லும் பெற்றோருக்கு அந்தச் சாலையே ஒரு காரணத்தைத் தந்துவிடுகிறது.

எனவே, இங்கே செய்ய வேண்டியவை தெளிவானவை. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலைகளில் மிதிவண்டிக்கெனத் தனித் தடம் வேண்டும். பள்ளி தொடங்கும், முடியும் நேரங்களில் அந்த லாரிகளை நிறுத்திவைப்பது கண்டிப்போடு நடைமுறைப்படுத்தப்பட வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுக்கள் வழியே வயதுவந்த பெண்களுக்கு மிதிவண்டிப் பயிற்சியும் எளிய கடனும் தரலாம். மலைப்பாதை மிதிவண்டி ஓட்டம் இன்று உலகெங்கும் விளையாட்டாக வளர்ந்துள்ளது. பச்சைமலை அடிவாரத்தில், லாடபுரம் போன்ற ஊர்களையொட்டி, அதற்கான பாதைகளை அமைக்கலாம். அப்படி அமைந்தால், நகரத்திலிருந்து விலையுயர்ந்த வண்டியோடு வருவோருக்கு முன்பாக அம்மலையின் பெண்பிள்ளைகளுக்கே அதில் முதல் இடம் தர வேண்டும். விறகும் விளைச்சலும் தலையில் சுமந்து அந்தச் சரிவுகளில் அன்றாடம் ஏறி இறங்கும் குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். சுமப்பவர்கள் ஒருபுறம், சாதிப்பவர்கள் மறுபுறம் என்று ஃபேனியின் காலம் பிரித்து வைத்ததை நாமும் தொடரக் கூடாது.

ஃபேனிக்குத் துணிவு இருந்தது. அதோடு பணமும், பொறுப்பைப் பகிர்ந்துகொண்ட கணவரும், பயணம் செய்யும் நேரமும் வாய்த்திருந்தன. நம் பெண்களிடம் துணிவுக்குக் குறைவில்லை. மற்றவற்றைத் தர வேண்டியது அரசின், சமூகத்தின், அவரவர் குடும்பத்தின் கடமை.